வீட்டுக்கே வந்து எடுத்த டிபி பிளட் டெஸ்ட், 3 ஸ்டார் தான்

தம்பிக்கு மூணு வாரமா இருமல் நிக்கல, பயந்துபோய் பக்கத்துல இருக்கற பிரைவேட் லேப்ல இக்ராங்கற டிபி பிளட் டெஸ்ட் புக் பண்ணேன். லேப் பேர் போடல, சண்டை வேணாம். வந்த பையன் நல்ல பையன், சாம்பல், பச்சை, மஞ்சள், ஊதா மூடின்னு நாலு டியூப், ஒவ்வொண்ணுலயும் 1 மில்லி, எடுத்தவுடனே ஒவ்வொண்ணையும் பத்து தடவை மேலயும் கீழயும் ஆட்டினான். பச்சை, மஞ்சள் மூடி டியூப்ல மட்டும் உள்பக்கம் ஈசாட்-6, சிஎஃப்பி-10ன்னு டிபி கிருமியோட புரோட்டீன் துண்டு பூசியிருக்குமாம், நம்ம ரத்த அணு அதை முன்னாடியே பாத்திருந்தா இன்டர்ஃபெரான் காமாங்கற புரோட்டீனை விடும், அதைத்தான் அளக்கறாங்க. பிசிஜிங்கற டிபி தடுப்பூசில இந்த ரெண்டும் இல்ல, அதனால ஊசி போட்டவங்களுக்கு தப்பா பாசிட்டிவ் காட்டாது, இது சூப்பர்.

ரிப்போர்ட் பாசிட்டிவ். அம்மா அழுதுட்டாங்க. அப்புறம் டாக்டர் சொல்லித்தான் தெரியுது, கிருமி உடம்புல தூங்குதா இல்ல நோயா மாறிடுச்சான்னு இந்த டெஸ்ட் பிரிச்சே சொல்லாதாம்! 2400 ரூபா வாங்கற லேப் இதை ஒரு வரி சொல்லக்கூடாதா? கவர்மென்ட் ஆஸ்பத்திரில சளி குடுத்தோம், ட்ரூநாட்னு கிருமியோட மரபணுவை தேடற டெஸ்ட்ல பாத்தாங்க, காசே இல்ல, நெகட்டிவ். எக்ஸ்ரேவும் கிளியர்.

இருமல் இருந்தா மொதல்ல சளி டெஸ்ட் போங்க. யாராச்சும் ஐஜிஜி, ஐஜிஎம்னு ரத்தத்துல டிபி ஆன்டிபாடி (கிருமிய எதிர்க்க உடம்பு உண்டாக்கற புரோட்டீன்) பாக்கற டெஸ்ட் எழுதினா பண்ணாதீங்க, அதை 2012லயே இந்தியால தடை பண்ணிட்டாங்க.