எம்.பி.வி. வண்டி ஓட்டுன அனுபவம் - பஸ்தர் போற நம்ம தம்பிங்களுக்கு

நம்ம தர்மபுரி, பென்னாகரம் பக்கம் இருந்து துணை ராணுவத்துக்கு செலக்ட் ஆகுற பசங்க கேக்குற கேள்வி ஒண்ணுதான், அண்ணே அந்த எம்.பி.வி.ங்கற கண்ணிவெடி தாங்குற வண்டி நெஜமாவே தாங்குமா? சத்தீஸ்கர் பஸ்தர்ல பல வருசம் ஓட்டுனவன் சொல்றேன், தாங்கும், எவ்ளோ தாங்கும்னு தெரிஞ்சு ஏறணும்.

இந்த வண்டிக்கு மூலம் தென்னாப்பிரிக்காவோட காஸ்பிர், அதை வெச்சு நம்ம நாட்டுல செஞ்ச வண்டி ஆதித்யா. அடிப்பக்கம் வி எழுத்து மாதிரி சரிஞ்சிருக்கும், வெடி வேகம் நேரா மேல ஏறாம ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போயிரும். சக்கரம், ஆக்சில் பிச்சிக்கிட்டு போனாலும் போகட்டும், ஆள் உக்கார்ற கூடு நிக்கணும், அதான் டிசைனே. காஸ்பிருக்கு சக்கரத்துக்கு அடியில 21 கிலோ, நடு பாடிக்கு அடியில 14 கிலோ டிஎன்டி வெடிமருந்து வரைக்கும் தாங்கும்னு கணக்கு. ஆனா அங்க வெடி புதைக்கிற மாவோயிஸ்ட் தார் ரோட்ட பக்கவாட்டுல குடைஞ்சு, சின்ன பாலத்துக்கு அடியில அந்த அளவுக்கு அதிகமாவே வைப்பான். 2018 மார்ச்ல சுக்மா மாவட்டம் கிஸ்தாரம் பக்கத்துல இந்த மாதிரி வண்டியில போன சிஆர்பிஎஃப் ஆளுங்க 9 பேர் இறந்தாங்க. அதனால இதை கோட்டைன்னு நெனச்சுடாதீங்க தம்பி.

அதுக்காக வேணாம்னு சொல்லல. 1993 ஏப்ரல்ல பாலாறு பக்கம் வீரப்பன் வெச்ச கண்ணிவெடியில 22 பேர் போனாங்களே, அவங்க போனது சாதாரண வண்டி, நம்ம ஊர் பெரியவங்க இன்னும் அதை மறக்கல. அடியில தகடு இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் வித்தியாசம் உசுருதான்.

ஓட்டுறது கஷ்டம். வெயிட் ஜாஸ்தி, உயரமும் ஜாஸ்தி, வளைவுல வேகமா ஒடிச்சா கவுந்துரும். லோடு லாரிய தொப்பூர் கணவாய்ல கியர் கொறச்சு எறக்குவோம்ல, அதே நிதானம் இதுக்கும் வேணும். கண்ணாடி தடிமனா இருக்கும், பக்கத்துல நடக்குற ஆள் தெரியமாட்டான், பின்னாடி எடுக்கும்போது ஒருத்தர எறக்கி விட்டுத்தான் எடுப்பேன்.

நான் ரொம்ப அழுத்தி சொல்றது பெல்ட். வெடிச்சா வண்டி தூக்கி வீசும், அப்ப பெல்ட் போடாதவன் தல மேல்தகட்டுல மோதும், கழுத்தும் முதுகெலும்பும் தான் போகும். பஸ்தர் செம்மண்ணு பக்கிளுக்குள்ள பூந்து இறுகிரும், க்ளிக்னு விழாது, பசங்க சலிச்சுப்போய் சும்மா மேல போட்டுக்குவாங்க. நான் காலையில பழைய டூத் பிரஷ்ஷால ஒவ்வொரு பக்கிளா தேச்சு, மாட்டி இழுத்துப் பாத்துட்டுதான் சாவி போடுவேன். தண்ணி கேன், தோட்டா பெட்டி, எது கட்டாம கெடந்தாலும் அதுவும் பறந்து வந்து அடிக்கும், ஹெல்மெட்ட கழட்டி மடியில வெக்கறதும் அப்படித்தான்.

மே மாசம் ஏசி நின்னா உள்ள மூச்சு முட்டும், ஸ்பேர் லேசுல வராது, பசங்க மேல் மூடிய தெறந்து வெளிய உக்காந்துக்குவாங்க, அப்படி உக்காந்தா இந்த வண்டியில வர்றதே வீண். ஏசி சரியில்லன்னா கெளம்பறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுங்க.

பாலம் வந்தா வண்டிய தள்ளியே நிறுத்துங்க, நடந்து போற பார்ட்டி ரெண்டு பக்கமும் வெடி வயர் தேடி சிக்னல் குடுக்கற வரைக்கும் நகராதீங்க, அவசரப்படுத்துற ஆபீசர் கிட்டயும் மரியாதையா, சார் பாலம் பாக்கட்டும், அப்புறம் போலாம்னு சொல்லிருங்க.