சிறிய அரசுப் பல்கலைக்கழகத்தில் இதழியல்: படித்தபோதும் வேலைக்கு வந்த பிறகும்

தென் மாவட்டம் ஒன்றில் உள்ள சிறிய அரசுப் பல்கலைக்கழகத்தில் 2021 முதல் 2024 வரை இளநிலை இதழியல் படித்தேன். இப்போது ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். அந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாமா என்று கேட்பவர்களிடம், செய்தி எழுத ஆசையென்றால் சேருங்கள், திரையில் முகம் காட்ட ஆசையென்றால் வேறு இடம் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கட்டணம் குறைவு. கருவிகள் அதைவிடக் குறைவு. ஒளிப்பதிவு அறையில் புதிதாக இருந்தது பூட்டு மட்டுமே.

ஆனால் வகுப்பு சிறியது. எழுதிக் கொடுத்த ஒவ்வொரு செய்தியும் சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வரும். ஆட்சியர் அலுவலகம் பஸ்ஸில் போய்வரும் தூரம் என்பதால், திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு எங்களை அனுப்பிவிடுவார்கள். மக்கள் தொடர்பு அலுவலகம் தரும் செய்திக்குறிப்பில் எத்தனை மனுக்கள் வந்தன, ஆட்சியர் என்ன அறிவுறுத்தினார் என்பதெல்லாம் இருக்கும். அதில் இல்லாததை எழுதினால்தான் எங்களுக்கு மதிப்பெண். பட்டா மாறுதலுக்காக அலையும் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தால், மஞ்சள் பையிலிருந்து பழைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகளைக் கட்டாக எடுத்துக் காட்டுவார். செய்தி அந்தக் கட்டில் இருக்கும். சென்னையில் படித்திருந்தால் இந்தப் பயிற்சி இவ்வளவு எளிதாகக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆளுக்கொரு மனு போடுவதும் கட்டாயம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பிரிவு 6(1)இன் கீழ் கேள்விகளை எழுதி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் 19(1)இன் கீழ் முதல் மேல்முறையீடு. பருவத் தேர்வுக்குள் பதில் வருவது அரிது என்று ஆசிரியருக்கும் தெரியும். அதனால் மனுவுக்கே மதிப்பெண் போட்டுவிட்டார். கேள்வியை நழுவ முடியாதபடி எழுதும் பழக்கம் அப்போது வந்தது. இன்றும் கைகொடுக்கிறது.

பாடத்திட்டம் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. பத்திரிகைகள் பதிவுக்கான புதிய சட்டம் 2024 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்த தேர்விலும் பழைய 1867ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் கேட்டார்கள். அவதூறுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் என்று மனப்பாடம் செய்து வெளியே வந்தோம். அந்த ஜூலையில் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு ஆகிவிட்டது. இதற்குப் பல்கலைக்கழகத்தைக் குறை சொல்ல முடியாது. வரலாற்றுத் தாளுக்குச் சொல்லலாம். சுதேசமித்திரன் 1882, தினத்தந்தி 1942 என்று ஆண்டுகளை ஒப்பித்தோமே தவிர, பழைய இதழ் ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை.

நடத்திய சட்டங்களில் மனதில் நின்றது, பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தைச் செய்தியில் வெளியிடக் கூடாது என்கிற போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு. காரணம், அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, செய்தியைத் திருத்தித்தான் படித்தோம். குழந்தையின் பெயரை நீக்கிவிட்டுத் தந்தையின் தொழில், தெரு, பள்ளி எல்லாவற்றையும் விட்டுவைத்தால், ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். செய்திகளைத் திருத்தும் டெஸ்கில் எனக்கு அடிக்கடி தேவைப்படும் பாடம் இதுதான்.

வேலைவாய்ப்பு விஷயத்தில் துறையை நம்ப வேண்டாம். வளாக நேர்காணல் கிடையாது. பயிற்சிக்கான இடத்தைக்கூட நாங்களே பத்திரிகை அலுவலகங்களுக்கு எழுதித்தான் பிடித்தோம். என்னோடு படித்தவர்களில் பலர் இன்று குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார்கள். தாலுகா நிருபராகப் போனவர்கள் வருமானத்துக்கு இன்னொரு தொழிலும் வைத்திருக்கிறார்கள்.

சேரும் முன் துறைக்கு நேரில் போய், மாணவர் இதழின் கடைசிப் பிரதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த மாதம் வெளிவந்தது, உள்ளூர்ச் செய்தி ஒன்றாவது இருக்கிறதா, அதை எழுத மாணவர் யாராவது வளாகத்தை விட்டு வெளியே போயிருக்கிறாரா என்று கவனியுங்கள். பக்கத்துக்குப் பக்கம் துணைவேந்தர் படமே இருந்தால் விண்ணப்பம் வாங்காமல் திரும்பிவிடலாம்.