மடிப்புக் கிண்ணம் தங்கியது, மடிப்புப் பாத்திரம் பரணுக்குப் போனது

முதுகுப்பையில் இடம் மிச்சமாகும் என்ற ஒரே எண்ணத்தில், நான்கு ஆண்டுகளுக்கு முன் 650 மில்லி கொள்ளும் சிலிகான் மடிப்புக் கிண்ணம் ஒன்றையும், அலுமினிய அடியும் சிலிகான் சுவரும் கொண்ட 1.4 லிட்டர் மடிப்புப் பாத்திரம் ஒன்றையும் சேர்த்தே வாங்கினேன். இமாசலப் பிரதேசத்தில் ஆறு மலைப்பயணங்கள் முடிந்த நிலையில், கிண்ணம் மட்டுமே இன்னும் என்னோடு வருகிறது.

எண்பது கிராம் எடையுள்ள அந்தக் கிண்ணத்தை அமுக்கினால் ஒரு தட்டைப் போலப் படிந்துவிடும். எவர்சில்வரில் சூடான கஞ்சியை ஊற்றினால் விளிம்பு உதட்டைச் சுடும், சிலிகான் அப்படிச் சுடுவதில்லை. பக்கவாட்டில் அழுத்திப் பிடித்தால் சுவர் உள்வாங்கிவிடும் என்பதால், அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத்தான் தூக்க வேண்டும். மஞ்சள்தூள் கறை போகவே போகாது. சாம்பார் வாசனை மறுநாள் தேநீரிலும் வரும். மடிப்பு வரிகளில் தங்கும் எண்ணெய் ஓடையின் குளிர்ந்த நீருக்கு அசையாது. கடைசிச் சப்பாத்தித் துண்டால் வழித்து, அதை வாயில் போட்டுக்கொள்வதே நான் கண்ட வழி.

பாத்திரத்தின் கதை வேறு. ஹம்ப்தா கணவாய்க்கு முந்தைய முகாமான பாலு கா கேராவில் மாலைக் காற்று பலமாக வீசியது. ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், சேமியா வேகக்கூட அடுப்பு வழக்கத்தைவிட அதிக நேரம் எரிய வேண்டியிருந்தது. சுடர் அலுமினிய அடிக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பது இவ்வகைப் பாத்திரங்களின் அடிப்படை விதி. காற்று அதை மதிக்கவில்லை. தண்ணீர் நிற்கும் உயரம்வரை சுவரின் சூட்டை அந்தத் தண்ணீரே வாங்கிக்கொள்ளும், அதற்கு மேலே அந்தக் காப்பு கிடையாது. அந்த இடத்தில்தான் கட்டைவிரல் நகத்தளவு சிலிகான் தீய்ந்து வெளுத்தது. காற்றுத் தடுப்பு வைக்காமல் சமைத்தது என் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உலோகப் பாத்திரம் அந்தத் தவறைப் பொறுத்துக்கொண்டிருக்கும்.

உண்மையில் நான் பாத்திரத்தை மாற்றியதற்கு அந்தத் தழும்பு காரணமில்லை, இடக்கணக்குதான் காரணம். மடித்தபின் மிச்சமாகும் இடம் என்று நான் நினைத்தது, உறுதியான பாத்திரத்தின் உட்புறமாக ஏற்கெனவே இருந்தது. இப்போதைய 1.1 லிட்டர் டைட்டானியம் பாத்திரத்துக்குள் மணாலியில் வாங்கும் கேஸ் கேன், மடக்கு அடுப்பு, லைட்டர், துடைக்கும் துணி எல்லாம் அடங்கிவிடுகின்றன, கேனும் பைக்குள் அடிபடாமல் வருகிறது. எடையும் என் சமையலறைத் தராசில் 150 கிராம்தான், பழையது 205 இருந்தது. டைட்டானியத்தில் ரவை உப்புமா ஒரே இடத்தில் அடிப்பிடிக்கும் என்பதால், வெந்நீர் கொதிக்க வைப்பதோடு நிறுத்திக்கொண்டு, அவலையோ உடனடி உப்புமாவையோ மடிப்புக் கிண்ணத்தில் போட்டு வெந்நீர் ஊற்றி மூடிவைக்கிறேன்.

பரணில் கிடந்த பழைய பாத்திரத்தைப் போன மாதம் காரில் ஊருக்குப் போகும்போது இறக்கினேன். இருக்கைக்கு அடியில் தட்டையாகக் கிடந்தது, வழியில் இரண்டு முறை தேநீர் போட்டோம்.