கொலாஜ் ஜைனுக்கு எந்த அச்சு: ஜெராக்ஸா, ரிசோவா, ஸ்கிரீனா?

வெட்டி ஒட்டிய படங்கள், தையல் நூல், பழைய தபால்தலை, கொஞ்சம் வாட்டர்கலர் எல்லாம் கலந்து 16 பக்கத்தில் ஒரு ஜைன், அதாவது சொந்தமாகச் செய்து பரப்பும் சிற்றிதழ், செய்துவிட்டீர்கள். கையில் இருப்பது ஒரே ஒரு மூலப்பிரதி. 50 பேருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் அச்சடித்தாக வேண்டும். எதில் அச்சடித்தாலும் நூலின் மேடும் காகிதத்தின் சொரசொரப்பும் தட்டையாகிவிடும். அதனால் விலையை விசாரிப்பதற்கு முன், இழந்ததற்குப் பதிலாக எந்த அச்சு என்ன தருகிறது என்று பார்ப்பேன்.

ஜெராக்ஸில் தொடங்கலாம். ஜைன் என்றதும் நினைவுக்கு வரும் கரடுமுரடான கறுப்பு வெள்ளைத் தோற்றம், 1970களின் பங்க் இசை ரசிகர்கள் நகலெடுத்துப் பரப்பிய இதழ்களிலிருந்து வந்தது. கிழித்து ஒட்டிய துண்டின் ஓரத்தில் விழும் நிழல் ஜெராக்ஸில் மெல்லிய கோடாகப் பதியும். வேண்டாமென்றால் முதல் நகலில் அந்தக் கோட்டை ஒயிட்னரால் மறைத்து, அதிலிருந்து மறுபடி நகலெடுக்கலாம். நான் விட்டுவிடுவேன், கை வேலை செய்த இடம் அதில்தான் தெரிகிறது. நகலிலிருந்து நகல் எடுக்க எடுக்க சாம்பல் நிறம் குறைந்து கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சும். முகங்களுக்கு அது பிரமாதமாகப் பொருந்தும், வாட்டர்கலர் மட்டும் காணாமல் போய்விடும். நூலை நேரே கண்ணாடிமேல் வைத்து ஒரு நகல் எடுத்துப் பாருங்கள், அதன் முறுக்கு பிரி பிரியாகத் தெரியும்.

ஒரு குறை உண்டு. டோனர் என்ற மைத்தூள் சூட்டில் இளகிக் காகிதத்தின் மேலேயே படிகிறது. முழுக் கறுப்புப் பக்கத்தை மடித்தால் மடிப்பில் உதிர்ந்து வெள்ளைக் கோடு விழும். நடு மடிப்பில் கறுப்பு வராமல் பக்கத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

ரிசோ, பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் நிறையப் பிரதிகளை மலிவாக எடுக்க ஜப்பானில் 1980களில் வந்த இயந்திரம். மெல்லிய மாஸ்டர் தாளில் சூட்டால் நுண்துளைகள் போட்டு, அதை மை உருளையில் சுற்றி அச்சடிக்கும். ஒரு நிறத்துக்கு ஓர் உருளை. இரண்டாவது நிறம் சற்று விலகித்தான் விழும். அந்த விலகலும் பளீரென்ற ரிசோ பிங்க்கும் கொலாஜுக்குத் தனி உயிர் கொடுக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் மை சுலபத்தில் காயாது, விரலில் ஒட்டும். வழவழப்புத் தாளும் ஆகாது. மாஸ்டருக்கான செலவு முதல் பிரதியிலேயே வந்துவிடுவதால் 10 பிரதிக்குக் கட்டுப்படியாகாது, 100க்கு லாபம். நம் ஊரில் கேள்வித்தாள் அடிக்கும் ரிசோக்களில் பெரும்பாலும் கறுப்பு உருளைதான் இருக்கும். நிற உருளை கிடைக்காவிட்டால் ரிசோவைத் தேடிப் போவதில் அர்த்தமில்லை.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியே மையை அழுத்தி அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங் நமக்குப் புதிதில்லை, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளில் பார்த்ததுதான். சென்னையின் தாரா புக்ஸ் பதிப்பகம் கையால் ஸ்கிரீன் அச்சிட்ட புத்தகங்களால்தான் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. மை தடிமனாக உட்கார்வதால் தடவிப் பார்த்தாலே தெரியும். கறுப்புத் தாளில் வெள்ளை மையால் அச்சிட மற்ற இரண்டும் உதவாது. கையால் செய்த காகிதத்தின் சொரசொரப்பும் இதற்குப் பிரச்சினையில்லை. நிறத்துக்கு ஒரு சட்டம், ஒவ்வொன்றும் காயும்வரை காத்திருப்பு என்று 16 பக்கத்துக்கும் செய்தால் அடுத்த இதழே வராது. அட்டைக்கு மட்டும் என்றால் சரி.

எனவே முதல் இதழுக்கு என் தேர்வு: உள்பக்கம் ஜெராக்ஸ், அட்டைக்கு ஒரே நிறத்தில் ஸ்கிரீன். வாட்டர்கலர்தான் இதழின் உயிர் என்றால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கலர் பிரிண்ட் எடுத்து நடுவில் செருகுங்கள். அப்புறம் ஸ்டேப்ளர் வேண்டாம். மடிப்பில் மூன்று துளை போட்டு, படத்தில் தைத்த அதே நூலால் பிரதிகளையும் தைத்துவிடுங்கள். தபால்தலையையும் ஒவ்வொரு பிரதியிலும் நிஜமாகவே ஒட்டலாம், அச்செல்லாம் முடிந்த பிறகு மட்டும். ஒட்டிய தாளை ஜெராக்ஸ் இயந்திரத்துக்குள் விட்டால் உருளையில் சிக்கிக்கொள்ளும்.