கரிசலில் ஆறு வருடம் ஓட்டிவிட்டேன், பின்னால் கட்ட இன்னும் இடமில்லை

போன வாரம் என் பிக்கப் வண்டியின் பின் பிரேக் டிரம்மைக் கழற்றியபோது உள்ளிருந்து இரண்டு கை அள்ளும் அளவுக்குக் கரிசல் மண் உதிர்ந்தது. காய்ந்து ஓட்டாஞ்சில்லு மாதிரி இறுகிப்போயிருந்தது. ஒரு பக்க லைனர் சுத்தமாகத் தேய்ந்து, இரும்பு டிரம்மில் உரசிக் கோடு போட்டிருந்தது. ஏழாயிரத்துச் சொச்சம் பில். அன்று சாயங்காலமே சென்னையிலிருந்து பள்ளிக்கூடத்து நண்பன் போன் பண்ணினான். "மாப்ள, ஊருக்கு வந்து அப்பா காட்டைப் பார்க்கலாம்னு இருக்கேன். உன் வண்டி மாதிரியே ஒண்ணு எடுக்கட்டுமா? ஷோரூம்ல விலையைக் குறைச்சுச் சொல்றாங்க." பிரேக் பில் கையில் இருந்த கோபத்தில் அவனுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

டபுள் கேபின் டீசல் பிக்கப், நான்கு சக்கர இழுவை. 2019ல் எடுத்தது, 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறையை வேறு வண்டிகளின் அடியிலும் பார்த்திருக்கிறேன். விளாத்திகுளத்துக்கும் புதூருக்கும் நடுவில் எங்கள் காடு, எங்கள் பக்கம் காடு என்றால் விளைநிலம். தார் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் வண்டிப்பாதை, வழியில் ஒரு ஓடை. மைலேஜ், சீட், ஏசி பற்றியெல்லாம் வேண்டிய அளவு எழுதிவிட்டார்கள்.

முதலில் மண்ணைச் சொல்ல வேண்டும். கரிசலில் இருக்கும் களிமண் தண்ணீரைக் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். சித்திரையில் எங்கள் காட்டு வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விடலாம். ஐப்பசி மழை இறங்கியதும் அதே மண் செருப்பைக் கழற்றி வாங்கிக்கொள்ளும். கொட்டும் மழையில்கூட இந்த மண் அவ்வளவு ஏமாற்றாது. மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்த பிறகுதான் ஏமாற்றும். மேலே சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருக்கும், ஆள் நடந்தால் தாங்கும். அடியில் நாலு விரற்கடை இறங்கினால் களி. 1,900 கிலோ வண்டி அந்தப் பொருக்கை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அதனால் சந்தேகமான இடத்தில் இறங்கி நடப்பேன். குதிகாலை ஊன்றித் திருகினால் மண் பளபளவென்று வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பக்கம் வண்டியை விடமாட்டேன்.

அந்த மண்ணில் இந்த எஞ்சின் செய்யும் வேலையை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை. ஃபோர் லோவில், அதாவது நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் கியரில் போட்டு, இரண்டாவது கியரில் கிளட்ச்சை முழுசாக விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரில் காலே வைக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். ஐடிலிங்கிலேயே மாட்டுவண்டி வேகத்தில் ஓடைக்குள் இறங்கி, அந்தப் பக்கம் ஏறிவிடும். எட்டு மூட்டை டிஏபி உரம், அதாவது 400 கிலோ, ஏற்றியிருக்கும்போதும் அப்படித்தான். பெட்ரோல் ஜீப் வைத்திருக்கும் நண்பர் அதே இடத்தில் எஞ்சினை இரையவிட்டுத்தான் ஏறுவார். இரையவிட்டால் சக்கரம் சுற்றும், அதற்குப் பிறகு குழி பறிக்கும் வேலைதான் நடக்கும். டயர் பட்டன் இடுக்கு முழுக்கக் களி அப்பி, மொட்டை டயர் மாதிரி ஆகிவிட்டால் அந்த நேரம் மட்டும் கொஞ்சம் வேகம் கொடுப்பேன், மண் சிதறிக் கழலட்டும் என்று. ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் கால் சுற்று ஆட்டினால் டயரின் ஓரம் பக்கவாட்டில் கடித்து ஒரு அடி முன்னே போகும். அதற்கும் நகரவில்லை என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். நம் ஆட்கள் தோற்பது இங்கேதான். ஒரு அமுக்கு அமுக்கினால் வந்துவிடும் என்று அமுக்குவார்கள், வண்டி ஆக்சில் வரை உட்கார்ந்துவிடும். வந்த தடத்திலேயே பின்னால் வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

காற்றை இறக்குவதும் அப்படி ஒரு விஷயம். ரோட்டில் 32 பவுண்டு வைத்திருப்பேன், காட்டுப் பாதையில் 18. டயர் தட்டையாகி அதிக இடம் பிடித்துக்கொள்வதால் மண்ணில் புதைவது குறையும். 15க்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் பயம் உண்டு. எங்கள் பக்கம் இன்னொரு தொல்லை, சீமைக்கருவேல முள். காற்றுக் குறைந்த டயரின் பக்கவாட்டுத் தோல் வெளியே பிதுங்கியிருக்கும், முள் நேரே அங்கே ஏறும். பக்கவாட்டில் ஏறிய பஞ்சரைத் திரி வைத்து நம்பமுடியாது. இரண்டு டயர் அப்படிப் போயிருக்கிறது. இருந்தாலும் மழைக்காலத்தில் இறக்கித்தான் ஓட்டுகிறேன். ரோட்டில் ஏறியதும் பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரசரில் மறுபடி ஏற்றிவிட வேண்டும். 18 பவுண்டில் தார் ரோட்டில் வேகமாகப் போனால் டயர் சூடேறியே கெட்டுவிடும்.

சரி, எஞ்சின் நல்லது, கியர் நல்லது, ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட ஸ்டார்ட் ஆகாமல் நின்றதில்லை. பிறகு எதற்கு இவ்வளவு கோபம் என்றால், வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்க இடமே இல்லை. முன்னால் ஒரு கொக்கி இருக்கிறது. பின்னால், இடது சேசிஸுக்கு அடியில், சுண்டுவிரல் தடிமனில் ஒரு கம்பி வளையம். தொழிற்சாலையிலிருந்து கேரியர் லாரியில் வரும்போது வண்டி நகராமல் கட்டிவைக்கப் போட்ட வளையம் அது. சேற்றில் புதைந்த வண்டியை அதில் கட்டி இழுக்கவே கூடாது. சேற்றில் மாட்டிய வண்டியைப் பத்துக்கு எட்டு தடவை வந்த வழியாகப் பின்னால்தான் எடுக்க வேண்டியிருக்கும். நான்கு சக்கர இழுவையை விலை வைத்து விற்பவர்கள் அங்கே ஒரு ஒழுங்கான கொக்கி வைக்கவில்லை. இதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

முதல் வருடம் இது எனக்கும் தெரியாது. ஓடையில் மாட்டியபோது டிராக்டர்காரர் வழக்கப்படி பின் ஆக்சிலைச் சுற்றிச் சங்கிலியைப் போட்டு இழுத்தார். வண்டி வந்துவிட்டது. ஊருக்குள் நுழையும்போது பிரேக் தரையைத் தொட்டது. ஆக்சில் மேலே ஓடும் பிரேக் பைப்பைச் சங்கிலி நசுக்கியிருந்தது. அங்கே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். முதல் கியருக்கு மாற்றி ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினேன்.

இரண்டாவது சம்பவம் 2023 டிசம்பர். 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டமே மூழ்கிய மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. எங்கள் பக்கம் மழை விட்டதும் மூன்றாம் நாள், காட்டுக்குள் கிடை போட்டிருந்தவர்களுக்கு அரிசியும் குடிதண்ணீரும் கொண்டு போனேன். ஆட்டைவிட்டு வரமாட்டோம் என்று அவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பத் திருப்பும்போது பொருக்கு உடைந்து, பின் சக்கரம் இரண்டும் மட்கார்டு வரை உட்கார்ந்தது.

ஊரிலிருந்து ஒரு தம்பி டிராக்டர் கொண்டுவந்தான். பத்தொன்பது வயசு. ஆக்சிலில் கட்டாதே என்று நான்தான் சொன்னேன். அந்த வளையத்தில் மாட்டு என்று சொன்னதும் நான்தான். முதல் இழுப்பில் நகரவில்லை. இரண்டாவது தடவை சங்கிலியைத் தொய்யவிட்டு, கிளட்ச்சை டக்கென்று விட்டான். துப்பாக்கிச் சத்தம் மாதிரி ஒரு சத்தம். வளையம் அறுந்து சங்கிலியோடு பறந்து டிராக்டரின் பின் மட்கார்டில் அடித்தது. அவன் முதுகுக்கும் அந்த இடத்துக்கும் ஒரு சாண் தூரம். மட்கார்டுத் தகட்டில் எலுமிச்சம்பழம் உட்காரும் அளவுக்குக் குழி. அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான், என்ன நடந்தது என்று அவனுக்குப் புரியவில்லை. எனக்குக் கால் நடுங்கிச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்க ராணுவத்தின் வண்டி மீட்புக் கையேட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. சக்கர அளவுக்குப் புதைந்தால் வண்டியின் எடை அளவுக்கு இழுவை தேவை, மட்கார்டு வரை என்றால் இரண்டு மடங்கு, கேபின் வரை என்றால் மூன்று மடங்கு. என் வண்டி அன்று ஆளும் சாமானும் சேர்த்து இரண்டரை டன் பக்கம் இருந்திருக்கும். அப்படியானால் ஐந்து டன் இழுவை, அதுவும் வெடுக்கென்று. அதை ஒரு சுண்டுவிரல் கம்பி எப்படித் தாங்கும்?

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். முதலில் மண்வெட்டி. டிராக்டர் வருவதற்குள் நான்கு சக்கரத்துக்கும் போகவேண்டிய திசையில் சரிவாக வெட்டிவிடுவேன், ஆக்சில் நடுவில் உருண்டையாகத் தொங்கும் குண்டு உட்கார்ந்திருக்கும் மண்ணையும் எடுத்துவிடுவேன். களி வண்டியின் வயிற்றை உறிஞ்சிப் பிடித்திருக்கும், அது விட்டாலே பாதி பாரம் குறையும். அரை மணி நேரம் வெட்டினால் பல சமயம் டிராக்டரே வேண்டியதில்லை, வண்டி தானாக ஏறி வந்துவிடும்.

கட்டி இழுக்க வேண்டி வந்தால், பின் சேசிஸ் இரண்டு பக்கமும் ஏற்கெனவே இருந்த ஓட்டைகளில் 10.9 ரக உறுதியான போல்ட் போட்டு முடுக்கிய கனத்தகடு இருக்கிறது. வெல்டிங் வைக்கவிடவில்லை, சேசிஸ் பலம் குறையும். இரண்டு தகட்டையும் ஒரு பட்டையால் இணைத்து, நடுவில் 4.75 டன் என்று அச்சடித்த ஷேக்கிள், கயிறு மாட்டும் U வடிவ இரும்பு வளையம். சங்கிலியைத் தொடுவதே இல்லை. நீளும் வகை நைலான் கயிறு, ஒன்பது மீட்டர். அது ரப்பர் மாதிரி நீண்டு மெல்ல மெல்ல இழுப்பதால் வெடுக்கென்ற அடி இல்லை. கயிற்றுக்கு மேல் நனைத்த சாக்கைப் போட்டுவிடுவேன், அறுந்தாலும் வேகம் குறையும் என்பதற்காக. டிராக்டர் கொண்டுவருபவரிடம் கட்டுவதற்கு முன்பே பேசிக்கொள்வேன், சைகை கொடுப்பது ஒரே ஆள், அது நான். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளைக் கயிற்று நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நிறுத்தாமல் சாவியையே திருப்பமாட்டேன். கொஞ்சம் கத்தத்தான் வேண்டியிருக்கிறது, கத்துகிறேன். இன்னொன்று, டிரெய்லர் மாட்டும் குண்டுக் கொக்கியில் யாராவது கட்ட வந்தால் தடுத்துவிடுங்கள். அது உடைந்து பீரங்கிக் குண்டு மாதிரி பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு உள்ள வேலை தனி. ரிம்முக்குள் அப்பிய மண்ணைக் கழுவாவிட்டால் மறுநாள் அறுபதில் போகும்போது ஸ்டியரிங் உதறும். ரேடியேட்டர் இடுக்கில் மண் காய்ந்தால் சூடு ஏறும். சூடான ஆக்சிலோடு தண்ணீரில் இறங்கினால் உள்காற்று சுருங்கி, ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஒரு தடவை ஆயில் பால் காப்பி நிறத்தில் வந்தது. அந்தக் குழாயை உயரத்துக்கு ஏற்றிவிட்டேன், பிறகு வரவில்லை. பின் டிரம்முக்கு மட்டும் வழி தெரியவில்லை, மழைக்காலம் முடிந்ததும் வருடா வருடம் கழற்றுவதுதான்.

நண்பன் போன் பண்ணிய மறுநாள், கோவில்பட்டிக்குப் போனபோது ஷோரூமில் புது மாடலைப் பார்த்தேன். பளபளப்பான தரையில் படுத்து அடியில் பார்த்தேன். பெரிய திரை வந்திருக்கிறது, எஞ்சின் சத்தம் குறைந்திருக்கிறது. இடது சேசிஸுக்கு அடியில் அதே கம்பி வளையம். விற்பனைப் பையன் நல்ல பிள்ளை, "சார், டோ ஹூக் பின்னாடியும் இருக்கு சார்" என்று அதைத்தான் காட்டினான். அவனிடம் கோபப்பட்டு என்ன பயன். அவனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே மாப்ள, வாங்காதே. உங்கள் அப்பா காடு ரோட்டோரம்தானே, மழையில் நாலு நாள் போகாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. அந்தப் பணத்தில் கிணற்றைத் தூர்வாரு. என் வண்டியை விலைக்குக் கேட்டாய் என்றும் அம்மா சொன்னார்கள். அதைத் தரமாட்டேன், கேட்காதே.

இதையெல்லாம் கேட்டும் எடுத்தே தீருவேன் என்றால், டெலிவரி எடுத்த அன்றைக்கே ஊருக்குப் போகாமல் நேராக என்னிடம் வா. போல்ட்டும் தகடும் வாங்கி வைக்கிறேன். பூமாலை போட்டு எலுமிச்சம்பழம் ஏற்றுவதெல்லாம் அதை மாட்டிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.