கேப் டவுன் சைக்கிள் டூர்: கட்டணத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு கிடைக்கிறது?

109 கிலோமீட்டர், பல்லாயிரம் சைக்கிள்கள், கார் ஒன்றுகூட எதிரே வராத சாலை. தென்னாப்பிரிக்காவில் ஆண்டுதோறும் மார்ச்சில் நடக்கும் கேப் டவுன் சைக்கிள் டூருக்குப் பணம் கட்டுகிறவர் உண்மையில் வாங்குவது அந்த மூன்றாவதைத்தான். தீபகற்பத்தைச் சுற்றி எந்த ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டலாம். ஆனால் எம் 3 நெடுஞ்சாலையின் நடுவிலும் சாப்மன்ஸ் பீக் வளைவுகளிலும் வண்டி பயமில்லாமல் ஓட்ட அந்த ஒரு நாள்தான். அதனால் இங்கே பதக்கம், சட்டை, சாப்பாடு எதற்கும் மதிப்பெண் இல்லை. பாதைப் பாதுகாப்பு மட்டும்தான் கணக்கு. டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், அல்லது பீட்டர்மரிட்ஸ்பர்க் பக்கத்திலிருந்து முதல்முறை போக நினைப்பவர்களுக்காக, தொழில்முறைப் பந்தயங்களில் நடந்தவற்றை அளவுகோலாக வைத்து எழுதுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எப்போது நிறுத்த வேண்டும், எங்கே வெட்டிச் சுருக்க வேண்டும் என்பதில் இந்த நிகழ்வு ஐரோப்பாவின் பெரிய பந்தயங்கள் சிலவற்றைவிடத் தெளிவானது. பலவீனம் தீபகற்பத்தின் தெற்குப் பாதியில் இருக்கிறது. அங்கே ஏதாவது நடந்தால் திரும்ப வழி குறைவு.

2015 மார்ச் முதல் வாரத்தில் மியூசன்பெர்க் மலையில் பிடித்த தீ தெற்கே பரவியது. பந்தயத்துக்கு ஒரு வாரம்கூட இல்லாத நிலையில் சாலைகள் மூடப்பட்டன. ஏற்பாட்டாளர்கள் பாதையை 47 கிலோமீட்டராகச் சுருக்கினார்கள். நகரத்திலிருந்து எம் 3 வழியாகப் போய் அப்படியே திரும்பும் பாதை. 2017 மார்ச் 12 இன்னும் கடுமை. தொடக்க இடத்தில் நின்றவர்களின் கையிலிருந்து சைக்கிளைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகும் காணொளிகளை இன்றும் பார்க்கலாம். முந்தின நாள் ஹவுட் பேயின் இமிசாமோ யெத்து குடியிருப்பில் பெரும் தீ. மாசிபுமெலெலே குடியிருப்புப் பக்கம் போராட்டம். மூன்றும் ஒரே பாதையில். பந்தயத்தை அன்றே ரத்து செய்தார்கள். பல மாதம் பயிற்சி எடுத்துப் பறந்து வந்தவர்களுக்கு அது வயிற்றெரிச்சல்தான், ஆனால் அந்தக் காற்றில் நெருக்கிக்கொண்டு இறங்கும் கூட்டத்தை சாப்மன்ஸ் பீக்கில் யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது.

இதோடு, நாளுக்கொரு கட்டமாக மூன்று வாரம் ஓடும் ஸ்பெயின் பந்தயமான வுவெல்டா எஸ்பான்யாவை, 2025-ல் நடந்ததை, வைத்துப் பாருங்கள். இஸ்ரேல் பிரீமியர் டெக் அணி கலந்துகொண்டதை எதிர்த்த போராட்டம் ஐந்தாம் கட்டத்தில், ஃபிகெராஸில் நடந்த அணி நேரப் பந்தயத்திலேயே, அந்த அணியை வழிமறித்து நிறுத்தியது. பில்பாவோவில் முடிவுக்கோட்டுக்கு 3 கிலோமீட்டர் முன்னே நேரத்தை எடுத்து, அந்தக் கட்டத்துக்கு வெற்றியாளரே இல்லை என்று அறிவித்தார்கள். பதினாறாம் கட்டம் 8 கிலோமீட்டர் முன்னதாக முடிந்தது. வயாடோலிட் தனிநபர் நேரப் பந்தயம் 27.2 கிலோமீட்டரிலிருந்து 12.2 ஆனது. கடைசியில் செப்டம்பர் 14 அன்று மாட்ரிட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸ் நின்றும் கூட்டம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு சாலைக்குள் வந்தது. கட்டம் கைவிடப்பட்டது. பரிசளிப்பை ஒரு ஹோட்டல் வாகன நிறுத்தத்தில், குளிர்ப்பெட்டிகளை மேடையாக்கி, அணிகளே நடத்திக்கொண்டன.

மாட்ரிட்டில் போலீஸ் போதாமல் போனது என்று மட்டும் சொன்னால் பாதிதான் விளங்கும். நகரத்துக்குள் சிறிய வட்டத்தை ஒன்பது பத்து முறை சுற்றும் பாதையில் தடுப்பு ஓரிடத்தில் உடைந்தால் போதும், அடுத்த சுற்றில் பந்தயம் அங்கேயே வந்து முட்டும். நீண்ட பாதையில் அப்படி இல்லை. சுருக்கலாம், திருப்பலாம். கேப் டவுன் பாதை ஒரே பெரிய வளையம் என்பதால், வடக்குப் பாதியில் மட்டும் இந்தச் சலுகை அதற்கு உண்டு.

சட்டப் பக்கம் பலர் கவனிக்காதது. தென்னாப்பிரிக்காவில் பொதுச்சாலையில் பந்தயம் நடத்த, தேசியச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குவிதி 317-ன்படி மாகாணப் போக்குவரத்து அமைச்சரின், அல்லது பாதை முழுதும் ஒரே உள்ளாட்சிக்குள் இருந்தால் அந்த உள்ளாட்சியின், எழுத்துமூல அனுமதி வேண்டும். எல்லிஸ் பார்க்கில் 2001-ல் நெரிசலில் 43 பேர் இறந்த பிறகு வந்த 2010-ஆம் ஆண்டு விளையாட்டு நிகழ்வுப் பாதுகாப்புச் சட்டம், 2,000 பேருக்கு மேல் கூடும் இடங்களுக்கும் பாதைகளுக்கும் பொருந்தும். நிகழ்வின் அபாயத்தைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று போலீஸ் தரம் பிரிக்கிறது. நிகழ்வன்று ஒரு கட்டுப்பாட்டு அறையில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், பேரிடர் மேலாண்மை, ஏற்பாட்டாளர் எல்லாரும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். நிறுத்தலாமா என்று ஆளுக்கொரு தொலைபேசியில் பேசிக்கொண்டு நிற்கும் நிலையை இது குறைக்கிறது. டர்பனில் சிறிய கிளப் பந்தயம் நடத்த நினைப்பவர்கள்கூட இந்தச் சட்டத்தை ஒருமுறை படித்து வைப்பது நல்லது.

இனி சாலையை மூடும் முறை. தொழில்முறைப் பந்தயத்தில் மூடல் நகர்ந்துகொண்டே போகும், நம்மூர் காவடி ஊர்வலம் மாதிரி. முன்னால் சிவப்புக்கொடி வண்டி, கடைசியில் பச்சைக்கொடி வண்டி, இரண்டுக்கும் நடுவில் உள்ள சாலை மட்டும் பந்தயத்துக்குச் சொந்தம். சந்திப்புகளை அடைக்கும் மோட்டார் சைக்கிள்கள், கூட்டம் கடந்ததும் அதை முந்திக்கொண்டு அடுத்த சந்திப்புக்கு ஓட வேண்டும். அந்த முந்தலே ஆபத்து. பந்தய மோட்டார் சைக்கிள் ஒன்று மோதித்தான் 2016 கென்ட்–வெவெல்கெம் பந்தயத்தில் பெல்ஜிய ஓட்டுநர் அன்டுவான் டெமுவாட்டியே இறந்தார். மூடல் ஓட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025 பிப்ரவரியில் பிரான்ஸில் நடந்த எட்டுவால் டெ பெசேஜ் சாட்சி. பந்தயப் பாதைக்குள்ளேயே பொதுமக்களின் கார்கள் வந்ததால் பல அணிகள் பாதியில் வீட்டுக்குப் போய்விட்டன.

கேப் டவுன் வேறு வழி. குழுகுழுவாகப் புறப்படும் இதில் முதல் குழுவுக்கும் கடைசிக் குழுவுக்கும் நடுவே பல மணி நேரம் இருப்பதால் நகரும் மூடல் சரிப்படாது. பாதை முழுக்க மூடப்படுகிறது. முந்தும் மோட்டார் சைக்கிள்கள் குறைவு என்பது நமக்கு லாபம். நட்டம் உள்ளூர்க்காரர்களுக்கு. நூர்ட்ஹுக், கொம்மேகி, மாசிபுமெலெலே பகுதிக்குள் போய்வர சாலைகள் மூன்றுதான்: கடலோரப் பாதை, ஓ காப்ஸ வெக், சாப்மன்ஸ் பீக். அவற்றில் இரண்டைப் பந்தயம் எடுத்துக்கொள்கிறது. இந்தக் காரணத்தாலேயே அந்தப் பகுதியில் ஏதாவது போராட்டம் வெடித்தால் போலீஸ் வண்டியும் ஆம்புலன்ஸும் அடையத் தாமதமாகும். பாதையின் பலவீனமான இடம் என்று மேலே சொன்னது இதைத்தான். பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு வரும் நம்ம அமாஷோவா பந்தயம் 106 கிலோமீட்டர், ஒருவழிப் பாதை. பின்னால் திறந்துகொண்டே வரலாம். இந்த ஒரு விஷயத்தில் அமாஷோவாவின் பாதை அமைப்புக்கு எங்கள் ஓட்டு.

நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்குவதுதான் எங்களுக்கு இன்னும் சந்தேகம் உள்ள இடம். 2022 டூர் டெ பிரான்ஸின் பத்தாம் கட்டத்தில், மெஜேவ் போகும் வழியில், முடிவுக்கு ஏறக்குறைய 36 கிலோமீட்டர் இருக்கையில் காலநிலைப் போராட்டக்காரர்கள் சாலையில் உட்கார்ந்துகொண்டார்கள். முன்னால் போன குழுவையும் பின்னால் வந்த பெருங்கூட்டமான பெலட்டானையும் அவரவர் இடைவெளியோடு நிறுத்தி, சாலை சுத்தமானதும் அதே இடைவெளியோடு விட்டார்கள். அங்கே 150 பேர், எல்லாருக்கும் ரேடியோ. கேப் டவுனில் ஒவ்வொரு குழுவிலும் பல நூறு பேர், ரேடியோ இல்லை. குழுக்களுக்கு நடுவே 3 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 12 நிமிட நிறுத்தத்தில் நான்கு குழுக்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்து சேர்ந்துவிடும். அப்படியே ஒன்றாக அவிழ்த்துவிட்டால் அடுத்த இறக்கத்தில் விழுவது உறுதி. நிறுத்தப்பட்டால் நீங்கள் செய்ய வேண்டியது: சாலையின் இடது ஓரம் ஒதுங்கி, ஆம்புலன்ஸுக்கு வலப்பக்கம் விட்டு, காலைத் தரையில் வைத்து நில்லுங்கள். விட்டதும் முதல் கிலோமீட்டரில் யாரையும் முந்தாதீர்கள். உங்கள் நேரம் நேரப்பதிவுச் சிப்பில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதற்காகப் பதற வேண்டாம்.

டயர் எரிப்பு நம் நாட்டுப் போராட்டங்களில் சகஜம். தீ அணைந்த பிறகும் பிரச்சினை முடிவதில்லை. டயரின் விளிம்பிலும் அடுக்கிலும் உள்ள எஃகுக் கம்பி எரியாமல், முடி மாதிரி மெல்லிய துண்டுகளாகத் தாரில் கிடக்கும். துடைப்பம் எல்லாவற்றையும் எடுக்காது. கறுத்த தார்த் திட்டைக் கண்டால் அதன் மேல் ஓட்டாமல் சுற்றிப் போங்கள். 2012 டூர் டெ பிரான்ஸில் மூர் டெ பெகேர் ஏற்றத்தின் உச்சியில் யாரோ ஆணி போட்டு ஏறக்குறைய 30 பேருக்குப் பங்க்சர் ஆக்கினார்கள். கேடல் எவன்ஸ் பலமுறை நிற்க வேண்டியதாயிற்று, முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையில் இருந்த விகின்ஸ் பெலட்டானை மெதுவாக்கினார். அன்று பின்னாலேயே அணி வண்டி வந்தது. உங்களுக்கு வராது.

ஆகவே டியூப்லெஸ் டயர். 28 மில்லிமீட்டர் டயருக்கு ஒரு சக்கரத்தில் 30 முதல் 40 மில்லிலிட்டர் சீலண்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம். டர்பன் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். டிசம்பரில் ஊற்றியதை நம்பி மார்ச்சில் போகாதீர்கள், புறப்படும் வாரம் வால்வைக் கழற்றிக் குச்சி விட்டுப் பாருங்கள். கம்பி குத்திய ஓட்டையைச் சீலண்ட் தானே அடைத்துவிடும், ஆனால் கம்பி உள்ளேயே நின்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டையை மறுபடி திறக்கும். எனவே சின்ன இடுக்கி ஒன்று, அடைப்புப் பட்டை இரண்டு, ஒரு டியூப், கைப்பம்பு. கார்பன் டை ஆக்சைடு குப்பியைப் பைக்குள் வைத்து விமான நிலையத்தில் இழக்க வேண்டாம், கேப் டவுனில் இறங்கி வாங்குங்கள். அந்த வாயு பட்டால் சில லேடெக்ஸ் சீலண்ட்கள் கட்டிதட்டிப்போகும், வாங்கும்போதே புட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

காற்று. தென்கிழக்கிலிருந்து வீசும் அந்தக் காற்றுக்குக் கேப் டாக்டர் என்று செல்லப்பெயர். தொடக்கத்தில் ஃபோர்ஷோர் உயர்கட்டடங்களின் நடுவே சுழலும். சைமன்ஸ் டவுன் தாண்டி ஸ்மிட்ஸ்விங்கல் ஏற்றம் வரை ஓங்கியடிக்கும். சாப்மன்ஸ் பீக்கின் 9 கிலோமீட்டரில் 114 வளைவுகள், ஒவ்வொன்றிலும் காற்றின் திசை மாறும். முன்சக்கர ரிம் ஆழம் 30 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். 50 மில்லிமீட்டர் ரிம்மின் லாபம் சமதளத்தில்தான். பக்கக்காற்றில் அது ஹேண்டிலைப் பிடுங்கும், பக்கத்தில் ஓட்டுகிறவரையும் சேர்த்துத்தான் நீங்கள் தள்ளுவீர்கள்.

விழுந்தவரைக் கண்டுபிடிப்பது இன்னொரு குறை. 2024 சூரிக் உலகப் போட்டியில் பதினெட்டு வயது முரியல் ஃபூரர் காட்டுப் பகுதியில் விழுந்து, நெடுநேரம் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, மறுநாள் இறந்தார். அதன் பிறகே 2025 கிகாலி உலகப் போட்டியில் எல்லா ஓட்டுநர்களுக்கும் ஜிபிஎஸ் கருவி கட்டினார்கள். சிப் அப்படி இல்லை. தரையில் விரித்த பாயைத் தாண்டும்போதுதான் அது பதிவாகும், நடுவில் நீங்கள் எங்கே என்று அதற்குத் தெரியாது. கைபேசியில் நேரலை இடப்பகிர்வைப் போட்டு வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் புறப்படுங்கள். எண் பலகையின் பின்பக்கம் அவசரத் தொடர்பு எண், மருந்து ஒவ்வாமை, மருத்துவக் காப்பீட்டு எண் மூன்றையும் நீரில் அழியாத மையில் எழுதுங்கள்.

பார்வையாளர்கள் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2021 டூர் டெ பிரான்ஸின் முதல் நாள் பார்வையாளர் நீட்டிய ஒரு பலகை டோனி மார்ட்டினையும் அவர் பின்னால் பாதிப் பெலட்டானையும் வீழ்த்தியது உலகத்துக்கே தெரியும். கேப் டவுனில் ஆபத்து வேறு: கேம்ப்ஸ் பே, சீ பாயின்ட் பக்கம் குடும்பத்தைக் கண்டதும் சட்டென்று ஓரம் கட்டும் ஓட்டுநர். சந்திப்பிடத்தை ஏற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுய்கர்போசி ஏற்றம் நல்லது, அங்கே எல்லாரும் மெதுவாகத்தான் வருவார்கள்.

மார்ஷல்களுக்கும் தடுப்புக்கும் ஒரு வார்த்தை. 2025-ல் போர்ச்சுகலின் அல்கார்வே பந்தயத்தின் முதல் கட்டத்தில், லாகோஸில், கடைசி நேரத்தில் பெலட்டானின் பெரும்பகுதி, அணி வண்டிகள் விலகிப்போகும் சாலையில் போய்விட்டது. சரியான சாலையில் இத்தாலிய ஓட்டுநர் பிலிப்போ கானா முதலில் வந்தும் கட்டம் செல்லாது என்றாயிற்று. போராட்டம் இல்லை, சதி இல்லை. அந்தப் பிரிவில் வழி ஒழுங்காக அடைக்கப்படவில்லை, அவ்வளவே. முன்னணிக் குழுவில் ஓட்டுகிறவர்கள் முந்தின நாளே கிரீன் பாயின்ட் போய்க் கடைசி 2 கிலோமீட்டரை நடந்து பாருங்கள்.

பணம் கட்டும் முன் நுழைவு விதிமுறையில் ரத்து, சுருக்கம் பற்றிய பத்தியைப் படித்துவிடுங்கள். விமானச் சீட்டும் தங்குமிடமும் தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். சைக்கிள் போக்குவரத்தையும் சேர்த்தால் டர்பனிலிருந்து போகிறவருக்கு நுழைவுக் கட்டணம் செலவில் சிறிய பகுதிதான். காற்றோடு ஒத்துப்போகாதவர்கள் அக்டோபர் வரை காத்திருந்து அமாஷோவா ஓட்டலாம். இன்சாங்கா ஏற்றம் கேப் டவுனில் உள்ள எதற்கும் குறைந்ததல்ல.