லிவாக்ஸ் மிட்-360: சாமான் நல்லது, கம்பத்தில் ஏற்றத்தான் யோசிக்க வேண்டும்

லைடார் என்பது லேசரால் தூரம் அளக்கும் சென்சார். ஆயிரம் டாலருக்குள் ஒரு லைடாரா என்று இளக்காரமாகத்தான் லிவாக்ஸ் மிட்-360ஐ வாங்கினோம். ஒஹையோவில் சாலைச் சந்திப்புகளில் வாகனங்களையும் நடப்பவர்களையும் எண்ணிக் கொடுப்பது எங்கள் தொழில். 265 கிராம் எடை, உள்ளங்கையில் அடங்கும் உருவம், நொடிக்கு 2 லட்சம் புள்ளிகளை அளக்கும். லேசர் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கிறது. முகமோ நம்பர் பிளேட்டோ பதிவாகாது. விளக்கில்லாத சந்திப்பில் கறுப்புக் கோட்டு அணிந்து கடந்தவரைக் கேமரா கோட்டைவிட்டது; இது பிடித்துவிட்டது.

மாட்டும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. நிமிர்த்தி வைத்தால் மேலே 52 டிகிரி பார்க்கும், கீழே 7 டிகிரிதான். ஐந்து மீட்டர் கம்பத்தில் அப்படி வைத்தால் நாற்பது மீட்டருக்கு அப்பால்தான் தரையே தெரியும். தலைகீழாகத் தொங்கவிடுங்கள், கம்பத்தடியில் நாலு மீட்டர் மட்டும் மறையும். வெளிச்சத்தை 10 சதவீதமே திருப்பும் பொருள் 40 மீட்டர் வரை தெரியும் என்கிறது தயாரிப்பாளரின் அட்டவணை. மணிக்கு 40 மைலில் வரும் கறுப்புக் கார் அந்தத் தூரத்தை இரண்டே கால் விநாடிக்குள் தாண்டிவிடும். பச்சை விளக்கை நீட்டுவதா என்று சிக்னல் முடிவெடுக்க அது போதாது. வேகச் சாலைக்கு இது வேண்டாம்.

இனி இது எந்த நாட்டுச் சரக்கு என்ற விவகாரம். லிவாக்ஸ், சீனாவின் ஷென்ஜென் நகர ட்ரோன் நிறுவனமான டிஜேஐயின் நிழலில் வளர்ந்தது. டிஜேஐ 2022 முதல் பென்டகனின் சீன ராணுவ நிறுவனப் பட்டியலில் இருக்கிறது. 2026 ஜூன் 30 முதல் அமெரிக்க ராணுவம் சீன லைடார் வாங்கக் கூடாது என்பது சட்டம். அது சிக்னல் கம்பத்தைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனால் ஹிக்விஷன், தாஹுவா என்ற சீன நிறுவனங்களின் கேமராக்களைத் தடுத்த 2018 சட்டம், அமெரிக்க மத்திய அரசின் மானியம் பெறும் நகராட்சிகளையும் விட்டுவைக்கவில்லை.

பிறந்த நாட்டை மட்டும் பார்த்துத் தடுப்பது அரைகுறை வேலை என்பது என் எண்ணம். இந்தக் கருவியில் சிம் கிடையாது. ஈதர்நெட் கம்பி வழியே சாலையோரப் பெட்டிக்குள் இருக்கும் கணினிக்குப் புள்ளிகளை அனுப்புகிறது. அதே பெட்டியில் மோடத்தின் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்தால் எந்த நாட்டுச் சென்சாரும் ஒன்றுதான். அதை எந்த டெண்டர் படிவமும் என்னிடம் கேட்டதில்லை. ஆனாலும் மானியப் பணத்தில் இதை ஏற்ற மாட்டேன். கருவியை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் சீனாவிலிருந்துதான் வர வேண்டும். சிக்னல் கருவி பத்து ஆண்டுக்கு மேல் நிற்பது. நடுவில் தடை வந்தால் கழற்றி மாற்றும் செலவு நகராட்சியின் தலையில்.

அந்த வேலைகளுக்கு சான் பிரான்சிஸ்கோவின் ஔஸ்டர் நிறுவனத்தின் ஓஎஸ்1 லைடாரை வைக்கிறோம். விலை பல மடங்கு, தயாராவது தாய்லாந்தில்! ஒரு விற்பனையாளர் ‘அமெரிக்கத் தயாரிப்பு’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியைக் கொண்டுவந்தார். நெட்வொர்க்கில் இணைத்ததும் சீன நிறுவனத்தின் பெயர் வந்து நின்றது. ஆர்டர் கொடுக்குமுன் உற்பத்தி நாட்டை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தனியார் வாகன நிறுத்தம், கல்லூரி வளாகம், ஒரு வாரக் கணக்கெடுப்பு என்றால் மிட்-360ஐத் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு நாலு. இணைப்புக் கம்பியைத் தனியாக வாங்க வேண்டும். சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள்.